அத்திரிபாச்சா கொழுக்கட்டை



பல வருஷத்துக்கு முன்னால், ஒன்றாம் வகுப்பில் கொழுக்கட்டைக் கதை சொன்னேன். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், பெயர் மறக்காமலிருக்க "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே ஊருக்கு நடப்பான். வாய்க்காலைத் தாண்டுகையில் "அத்திரிபாச்சா" என்பான். பிறகு அதுதான் வாயில் நிற்கும்.

அதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை எழுந்தாள். "எங்க ஆச்சி வேற மாரி சொல்லுவா டீச்சர்!" பீடி சுற்றிக்கொண்டே ஆச்சி சொல்லும் கதையாம். "அவன் வாய்க்கால்ல விழுந்து எந்திச்சு, அத்திரிபாச்சாங்கான்..." என்று தொடங்கினாள். நான் குறுக்கிட்டேன். "ஏட்டி, ‘ங்கான்’ இல்ல, ‘என்கிறான்’னு சொல்லு."

உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷம் முழுக்க அவள் இன்னொரு கதை சொல்லவில்லை. அது என் தப்பு. இன்றைக்கும் உறுத்துகிறது.

இடைசெவல் கி.ரா. நாட்டுப்புறக் கதைகளைத் தேடித்தேடித் தொகுத்தார். கரிசல் பேச்சுக்கு அகராதியே போட்டார். அந்தப் பேச்சைப் புத்தகத்தில் படித்து நாம் ரசிக்கிறோம். ஆறு வயசுப் பிள்ளை பேசினால் மட்டும் திருத்துகிறோம். இது என்ன நியாயம்?

எழுத்துத்தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னாளில் பிள்ளை சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் பாடப்புத்தகத் தமிழையும் எழுதினேன். இரண்டையும் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் கதை முடிந்த பிறகுதான்.

"பழைய கதையில் ஆகாததும் இருக்குமே" என்பார்கள். உண்மைதான். இந்தக் கதையிலேயே பெண்டாட்டியை அடிப்பான். வீக்கத்தைப் பார்த்துத்தான் கொழுக்கட்டை ஞாபகம் வரும். என் வகுப்பில் அவன் அவசரத்தில் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்வான். வாய்மொழிக் கதை சொல்கிறவர் வாயில் மாறித்தான் வாழ்கிறது. கானா நாட்டு அனான்சி சிலந்திக் கதைகள், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு கடல்கடந்து ஜமைக்காவிலும் வேர்விட்டது அப்படித்தான்.

2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் சின்ன வகுப்புகளில் பாட்டுக்கும் கதைக்கும் இடம் கிடைத்திருக்கிறது. இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாதம் ஒருநாள் ஊர் ஆச்சி ஒருத்தரை அழைத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். நீங்கள் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். நீதி என்ன என்று கேட்காதீர்கள். யார் பேச்சையும் திருத்தாதீர்கள்.

உங்கள் வீட்டில் கொழுக்கட்டைக் கதை எப்படி முடியும்? வீட்டுப் பேச்சிலேயே எழுதுங்கள். இப்போது நான் திருத்துவதில்லை.