வடிநீர்க் கணக்கும் கிணற்று நீரும்

இழுத்த ரப்பர் ஏன் சுருங்குகிறது என்று தேர்வில் கேட்டால் நம்மில் பலர் பக்கம் பக்கமாக எழுதிவிடுவோம். அதே போன்ற நீண்ட மூலக்கூற்றில் வரிசையாக மின்னூட்டம் ஏறியிருந்தால், இழுக்கும்போது அது என்ன செய்யும்? பேனா நின்றுவிடும். பாடத்திட்டம் ரப்பரோடு நின்றுவிட்டது. இது சிறு குறையன்று என்பது என் துணிபு.

மின்னூட்டம் பெற்ற பாலிமர்ச் சங்கிலியின் கண்ணிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஆகவே தூய நீரில் அது தானாகவே ஓரளவு நிமிர்ந்து நிற்கிறது. சிறு விசைக்கே நீண்டுவிடும். உப்பைக் கரைத்தாலோ, அதன் அயனிகள் இடையே புகுந்து அந்தத் தள்ளுதலை மறைக்கின்றன. சங்கிலி சுருள்கிறது, முன்போல் நீட்ட அதிக விசை வேண்டும். 1950-இல் வெர்னர் கூனும் அஹரோன் கட்சால்ஸ்கியும் இத்தகைய அமிலப் பாலிமர் வலையைக் காரத்தில் நீளவும் அமிலத்தில் சுருங்கவும் செய்து காட்டினார்கள். சுருங்கும்போது அது எடையையும் தூக்கும்! தசையை நினைவூட்டவில்லையா?

பவனா ஆறு முளாவோடு கலக்கும் தாபோடியில், என் அறையிலேயே இதன் எளிய வடிவத்தைச் செய்து பார்த்தேன். குழந்தைகளின் டயாப்பரிலிருந்து உதிர்த்த பொடி ஒரு கரண்டி, ஒரு டம்ளர் தண்ணீர்: கட்டிக் கூழாயிற்று. உப்பைப் போட்டுக் கலக்கினேன். கூழ் தளர்ந்து தண்ணீரைக் கக்கிவிட்டது. அடுத்த அறை மராத்தி நண்பர் இன்னும் அதை மந்திரம் என்றே சொல்கிறார்.

இங்கிருந்து அதிக தூரமில்லாத பாஷாணில், 1950-இல் திறக்கப்பட்ட தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் இருக்கிறது. வறண்ட நிலத்திற்கு உதவும் ‘ஜலசக்தி’ என்னும் நீருறிஞ்சும் பாலிமர் அங்கேதான் உருவாயிற்று. நல்ல முயற்சி, மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய பொடிகளைப் பற்றி நாம் பேசும்போது, தன் எடையைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு நீர் குடிக்கும் என்கிறோம். அது வடிநீர்க் கணக்கு. நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு இருந்தாலே பல வகைகள் சில பத்து மடங்குக்கு இறங்கிவிடும். கால்சியம் இன்னும் பொல்லாதது. சங்கிலிகளையே ஒன்றோடொன்று பிணைத்துவிடும். போதாததற்கு மேலிருக்கும் மண்ணின் பாரம் வேறு. இராமநாதபுரத்துக் கடலோரத்தில் உப்புக் கிணற்றை நம்பிப் பயிரிடுபவருக்கு வடிநீர்க் கணக்கால் என்ன பயன்? கடன் வாங்கிப் பொடி வாங்குபவர் அவரல்லவா? உப்பு நீரில் எவ்வளவு, மண்ணின் பாரத்தில் எவ்வளவு என்று பொட்டலத்தின் மேலேயே அச்சிட வேண்டும். அந்த அளவை எடுக்கும் பயிற்சி நம் ஆய்வுக்கூடப் பாடத்திலும் வேண்டும்.

அதுவரை காத்திருப்பானேன்? விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் தத்தம் கிணற்று நீரில் ஒரு புட்டி கொண்டுவாருங்கள். பொடி என் பொறுப்பு.