வாக்குத்தத்த அட்டையும் எரேமியாவின் வயலும்

டிசம்பர் 31 இரவு 11 மணிக்கு மேல் செங்கல்பட்டில் எந்த சர்ச்சுக்குப் போனாலும் உட்கார இடம் கிடைக்காது. வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு வந்துவிடுவார்கள். பாட்டு, சாட்சி, ஜெபம் எல்லாம் முடிந்து 12 மணி அடித்ததும் பல சபைகளில் ஒரு தட்டு சுற்றி வரும். தட்டு நிறைய சின்னச் சின்ன அட்டைகள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதில் என்ன வசனம் இருக்கிறதோ, அதுதான் அந்த வருஷத்துக்கான 'வாக்குத்தத்தம்'.

2020 ஜனவரி 1 அன்றும் தட்டு சுற்றியது. ஆசீர்வாதம், பெருக்கம், பாதுகாப்பு என்று அச்சடித்த அட்டைகளை வாங்கி பைபிளுக்குள் வைத்துக்கொண்டு ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள். மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. ஈஸ்டருக்குக்கூட சர்ச் கதவு திறக்கவில்லை. சரி, அடுத்த ஜனவரியில் 'போன வருஷ அட்டை என்ன ஆயிற்று?' என்று எத்தனை மேடைகளில் பேச்சு வந்தது? பேச்சு வரவில்லை, புது அட்டைதான் வந்தது!

அந்தப் புது அட்டைக்கு ஐந்தாவது மாதம், 2021 மே தொடக்கத்தில், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததுதான் காரணம் என்றார்கள் உறவினர்கள். நிர்வாகம் மறுத்தது. அந்த மாதங்களில் இப்படி உறவுகளை இழந்த வீடுகளுக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர்களில் சிலர் சொன்ன ஒரு வாக்கியம் உண்டு. 'இன்னும் கொஞ்சம் விசுவாசமா ஜெபிச்சிருக்கலாம்.'

சண்டை போட வேண்டியது இந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசி விற்றால் எது கவர் ஆகும், எது ஆகாது என்று பொடி எழுத்திலாவது அச்சடித்துத் தர வேண்டும். க்ளெய்மை மறுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பாதுகாப்பை விற்கிற பிரசங்கத்தில் இந்த வசதியெல்லாம் கிடையாது. நல்லது நடந்தால் 'ஊழியக்காரர் ஜெபித்தார்'. கெட்டது நடந்தால் 'உனக்கு விசுவாசம் பத்தவில்லை'. லாபம் முழுக்க மேடைக்கு, நஷ்டம் முழுக்க பெஞ்சுக்கு! எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஒப்புக்கொள்ள முடியாத கணக்கு இது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் தலையில் குற்றத்தையும் சேர்த்து ஏற்றி வைப்பதற்குப் பெயர் ஆறுதலா?

இது கொரோனாவோடு வந்த வியாதி அல்ல. கொஞ்சம் பின்னால் போனால் 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் நில நடுக்கம். அலை தமிழ்நாட்டுக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனால் இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பே இல்லை. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த இந்தக் கரையின் குப்பங்களிலும் படகு, வலை, வீடு, உயிர் எல்லாம் போயின. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில்.

உடல்களைப் புதைத்து முடிப்பதற்குள் கதைகள் கிளம்பிவிட்டன. சாந்தோமில் புனித தோமையார் நட்ட மரத்தூண் கடலை நிறுத்திவிட்டதாம். வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் வராதது மாதாவின் புதுமையாம். கேட்கிறவர்களுக்கு மெய்சிலிர்க்கும்தான். ஆனால் சாந்தோமுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் அலை வீடுகளுக்குள் புகுந்து ஆட்களைக் கொண்டுபோனது. வேளாங்கண்ணிக் கடற்கரையில் இறந்தவர்களில் பலர் அந்த மாதாவைப் பார்க்க வந்த யாத்ரீகர்கள். கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டு, கட்டடத்தைத் தேடி வந்தவர்களைக் கைவிடுகிறவரா கடவுள்? இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தாங்கள் கடவுளைப் புகழ்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் அவர்மேல் பழி போடுகிறார்கள்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலும் அன்று இடியாமல் நின்றது. தப்பி நின்ற கட்டடம்தான் சாட்சி என்றால் அந்த சாட்சி யார் பக்கம்? கடல் அரிப்பைத் தடுக்க முன்கூட்டியே கொட்டி வைத்த கருங்கற்கள் அந்தக் கோவிலைச் சுற்றி இருந்தன. யாரோ ஒருவர் வரப்போகிற அலையை யோசித்து, கல்லைச் சுமந்து கொண்டுவந்து போட வைத்திருக்கிறார். கொட்டிய அன்றைக்கு அது யாருக்கும் அற்புதமாகத் தெரிந்திருக்காது.

சரி, பைபிள் என்ன சொல்கிறது? அட்டைகளில் அதிகம் வருகிற இரண்டு பகுதிகளையே எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, 91-ஆம் சங்கீதம். ஆபத்து அணுகாது, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லும் சங்கீதம். கொரோனா காலத்தில் வாசல் கதவுகளில் ஒட்டப்பட்டது இதுதான். இதே சங்கீதத்தை இயேசுவிடம் எடுத்துச் சொன்னது யார் தெரியுமா? மத்தேயு 4-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பிசாசு! தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தி, 'குதி, ஒன்றும் ஆகாது, வசனம் இருக்கிறதே' என்கிற பாணியில் ஆசை காட்டுகிறான். இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதித்துப் பார்ப்பது நம்பிக்கை ஆகாது என்று மறுத்துவிட்டார். வசனத்தை கேரண்டி கார்டாகப் படிக்கிற வழக்கத்தை யார் ஆரம்பித்தது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

இரண்டாவது, எரேமியா 29:11. தீமைக்கு அல்ல, நன்மைக்கான திட்டம் கடவுளிடம் இருக்கிறது என்று சொல்லும் வசனம். ஆட்டோ கண்ணாடி முதல் கல்யாணப் பத்திரிகை வரை இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. அதில் 70 வருஷம் என்று இருக்கிறது! பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெறுங்கள், இப்போதைக்கு ஊர் திரும்ப முடியாது என்பதுதான் அதன் சாரம். படித்தவர்களில் பெரியவர்கள் பலர் அந்த விடுதலையைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை.

அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்கள் முன்னால் அறிவித்தவர். இன்றைக்கு இருந்தால் அவருடைய கூட்டத்துக்குத்தான் பந்தல் பத்தாது. எரேமியா அவரைப் பார்த்து, அப்படியே ஆகட்டும், ஆமென் என்றுதான் முதலில் சொல்கிறார். நல்லது நடக்க வேண்டாம் என்று அவருக்கு என்ன ஆசையா? ஆனால் பொய்யான தெம்பைக் கொடுத்து ஜனங்களை நம்ப வைப்பது பாவம் என்றும் முகத்துக்கு நேரே சொன்னார். அனனியா சொன்னது நடக்கவில்லை.

அந்த எரேமியா பிற்பாடு என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். எருசலேமை பாபிலோன் படை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத் ஊரில் இருக்கும் ஒரு வயலை 17 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்குகிறார். சாட்சிகளை வைத்து கிரயப்பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, பத்திரம் நீண்ட நாள் கெடாமல் இருக்க மண்பானைக்குள் வைக்கச் சொல்கிறார். எதிரி படை நிற்கிற ஊரில் நிலத்துக்கு மார்க்கெட் ரேட் என்ன இருக்கும்? வியாபாரக் கண்ணில் இது சுத்த முட்டாள்தனம். ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கை என்பது இதுதான். ஊர் விழாது என்று எரேமியா சொல்லவில்லை. விழும் என்று அவரே சொல்லியிருக்கிறார். விழுந்த பிறகும் கடவுள் இருப்பார், இந்த மண்ணில் மறுபடி ஜனங்கள் வாங்குவார்கள், விற்பார்கள் என்று கைக்காசைப் போட்டு நம்பினார்.

செங்கல்பட்டுக்காரர்கள் இதற்கு எருசலேம்வரை போக வேண்டியதில்லை. திருமணி போனால் போதும்.

அங்கே இன்று மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1955-ல் அரசு எடுத்துக்கொள்வதற்கு முன்னால் அது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. 1920-களில் ஆரம்பமானது, ஸ்காட்லாந்து மிஷன் நடத்தியது. அப்போது தொழுநோய்க்கு உருப்படியான மருந்தே கிடையாது. நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றினார்கள். வலி அதிகம், பலன் குறைவு. ஊரும் உறவும் துரத்திவிட்டவர்களின் புண்ணைக் கழுவி, கட்டுப் போட்டு, மறுநாள் மறுபடி கழுவினார்கள். மருந்து வரும் என்று அவர்களுக்கு எந்த அட்டையும் சொல்லவில்லை.

1940-களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தன. டாக்டர் ராபர்ட் காக்ரேன் டாப்சோனை ஊசியாகப் போட்டுப் பார்த்த இடம் இந்த செங்கல்பட்டுதான். 1947-ல் அவர் வேலூர் சி.எம்.சி.யில் இருந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்டை இங்கே அழைத்து வந்தார். விரல்கள் மடங்கி மரத்துப்போன ஒரு நோயாளியின் கைக்குள் பிராண்ட் தன் கையை வைத்து, அழுத்தச் சொன்னார். பிடி வலிக்கிற அளவுக்கு இருந்தது! செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த அந்தக் கையின் பல தசைகள் நன்றாகவே உயிரோடு இருந்தன. அங்கிருந்துதான் நல்ல தசைநாணை இடம் மாற்றி இணைத்து, மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைக்கு வழி பிறந்தது. 1982-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று தொழுநோய் முழுதாகக் குணமாகும்.

பிராண்ட் பிறந்தது கொல்லிமலையில், மிஷனரி பெற்றோருக்கு. அவருடைய அப்பா 1929-ல் அந்த மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். 'வாதை உன் கூடாரத்தை அணுகாது' வகை பிரசங்கத்தின்படி பார்த்தால் அந்த அப்பாவுக்கு விசுவாசம் பத்தவில்லை என்றுதானே அர்த்தம்? இந்தத் தீர்ப்பை அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல யாருக்காவது வாய் வருமா? அவருடைய அம்மா அதே மலைக்குத் திரும்பி வந்து வயதான காலம்வரை வேலை செய்தார்.

வயல் என்று வந்ததால் இன்னொன்று. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் இந்த மாவட்டத்து பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகள் நிலம் கேட்டு அரசோடு மல்லுக்கட்டினார்கள். 1892-ல் அரசு உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம் என்பது அதுதான். பிறகு அந்த நிலங்கள் எப்படியெல்லாமோ கை மாறின. காரணை கிராமத்து பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். வயலுக்காக நம்பியவர்கள் எல்லோருக்கும் வயல் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் பானைக்குள் பத்திரம் இருக்கிறது, கேட்கிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

'அப்படியானால் ஜெபமே வேண்டாமா?' என்று கேட்கலாம். யார் வேண்டாம் என்றது? அச்சிறுபாக்கத்தில் மழை மலை மாதா கோவில் இருக்கிறது. வறட்சியில் மழை கேட்டு மன்றாடிய ஜனங்களால் வந்த பெயர் அது. ஏரியை நம்பிப் பயிர் வைக்கிறவன் வானத்தைப் பார்த்துக் கேட்கத்தான் செய்வான். கேட்பது பிள்ளையின் உரிமை. கேட்பதற்கும் கேரண்டி விற்பதற்கும் நடுவில்தான் மலையளவு தூரம். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கேட்டார், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று. நீங்கவில்லை. அவருக்கும் விசுவாசம் பத்தவில்லையா?

'எல்லாம் மனுஷ முயற்சி என்றால் இதில் கிறிஸ்தவம் எங்கே?' இது நியாயமான கேள்வி. பலன் தெரிந்தால் உழைப்பதற்கு எவனும் தயார். பலன் தெரியாமல், தன் காலத்தில் வராது என்று தெரிந்தும், நாளைக்கும் அதே புண்ணைக் கழுவ எழுந்து போவதற்கு ஒரு காரணம் வேண்டும். சிலுவையோடு கதை முடியவில்லை என்பதுதான் கிறிஸ்தவர்களின் காரணம். மூன்றாம் நாள் உண்டு. ஆனால் அது வெள்ளிக்கிழமையைத் தாண்டித்தான் வரும்.

அடுத்த டிசம்பர் 31 அன்றும் தட்டு சுற்றும். போதகர்கள் ஒன்றே ஒன்று செய்தால் போதும். பாதுகாப்பு அட்டைக்குப் பதிலாக, அந்த வருஷம் சபையில் யாரையெல்லாம் இழந்தார்கள் என்று பெயர் சொல்லிப் படிக்கட்டும். அந்த வீடுகளில் ஒன்றில்கூட விசுவாசக் குறைவால் சாவு நடக்கவில்லை என்று மைக்கிலேயே அறிவிக்கட்டும். பிறகு வெற்று அட்டைகளைக் கொடுக்கட்டும். வரப்போகிற வருஷத்தில் யாருடைய புண்ணைக் கழுவப் போகிறோம், எந்த வயலுக்குக் காசு கட்டப் போகிறோம் என்று ஜனங்களே எழுதிக்கொள்ளட்டும்.