உங்கள் லீவும் உங்கள் சம்பளம்தான்



புது வருட காலண்டர் வீட்டுக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறோம்? ராசிபலன்கூட அப்புறம்தான். சிவப்பு மையில் எத்தனை தேதி இருக்கிறது, எது வெள்ளியில் வருகிறது, எது திங்களில் வருகிறது, ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்து ஊருக்குப் போய்வர முடியுமா என்றுதான் கண் ஓடும்.

ஆனால் அந்தச் சிவப்புத் தேதிகள் வீட்டில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை. அரசு வேலையில் இருக்கும் சித்தப்பாவுக்கும் விடுமுறை. ஜவுளிக்கடையில் நிற்கும் அக்காவுக்கோ அன்றைக்குத்தான் வேலை அதிகம்.

அந்த அக்கா தனக்கென்று ஒரு நாள் லீவு கேட்பது எப்படி? முதலாளி முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் ஆயிரம் விளக்கம் சொல்லி, கடன் கேட்பதுபோலத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார். கிடைத்துவிட்டால், ‘பெரிய மனசு பண்ணி விட்டார்’ என்று வீட்டில் வந்து சொல்கிறார். நம்மில் பலரும் இப்படித்தானே இருக்கிறோம்?

இந்தத் தயக்கம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சம்பளத்தோடு கூடிய லீவு யாரும் மனமிரங்கித் தருவதல்ல. வருடம் முழுக்க உழைத்து நாம் ஏற்கெனவே சம்பாதித்து வைத்தது. எடுக்காமல் விட்டால், கையில் வந்த சம்பளத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

கடைகளிலும் தனியார் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு நம் மாநிலத்தில் 1947-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று பெயர். ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த வருடத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. அதுபோக, உடம்பு சரியில்லை என்றால் 12 நாள். நியாயமான வேறு காரணங்களுக்கு கேஷுவல் லீவு 12 நாள். கடைசி இரண்டுக்கும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, முதல் வருடத்திலேயே உண்டு. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தனி.

எத்தனை கடைகளில் இது நடக்கிறது? கடைக்காரரைக் கேட்டால், ‘லீவு போட்டால் சம்பளம் பிடிப்போம், அதுதான் எங்கள் வழக்கம்’ என்பார். வழக்கம் வேறு, சட்டம் வேறு.

ஃபேக்டரியில் கணக்கு கொஞ்சம் மாறும். 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டப்படி, ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் அடுத்த வருடம் சம்பளத்தோடு விடுப்பு என்று இருந்தது. இடையில் நீண்ட நோய் வந்த பலருக்கு அந்த 240-ஐ எட்டுவதே பாடாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. புதிய தொகுப்புகளைப் பற்றித் தொழிற்சங்கங்களுக்குப் பல மனக்குறைகள் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. இந்த ஒரு மாற்றம் மட்டும் தொழிலாளிக்கு நல்லது என்றே நினைக்கிறேன். வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் விடுப்பு என்பது பழையபடியே தொடர்கிறது. பனியன் கம்பெனியில் 300 நாள் வேலை பார்த்த பெண்ணுக்கு 15 நாள் வர வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவரும் தொழிலாளிதான், மறந்துவிடாதீர்கள்.

இங்கே பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. எடுக்காத விடுப்பை 30 நாள் வரைதான் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் நீங்கள் முறையாக விண்ணப்பித்து நிர்வாகம் மறுத்திருந்தால், அந்த நாள்களுக்கு இந்த வரம்பு கிடையாது. ஆகவே வாயால் கேட்டு, ‘இப்ப முடியாதுப்பா, வேலை நிறைய இருக்கு’ என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். லீவ் லெட்டர் எழுதிக் கொடுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்; போனில் படம் எடுத்து வைத்தாலும் போதும். வேலையை விட்டு விலகும்போது மிச்சமிருக்கும் விடுப்புக்குப் பணம் வர வேண்டும். பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்துபோனால் அந்தப் பணம் அவர் குடும்பத்துக்குச் சேர வேண்டும். எத்தனை குடும்பங்கள் இதைக் கேட்டு வாங்கியிருக்கும்?

தேசிய விடுமுறை, பண்டிகை விடுமுறைக்கென்று 1958-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு, ஐந்து பண்டிகை நாள்கள். அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை. இந்தியாவிலேயே முதன்முதலாக, 1923-இல், சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது நம் சென்னைக் கடற்கரையில்தான். அந்த ஊரிலேயே மே 1 அன்று ஒற்றைச் சம்பளத்துக்கு ஆள்கள் நிற்கிறார்கள் என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஒரு வருடம். கருச்சிதைவு ஏற்பட்டால் ஆறு வார விடுப்பு உண்டு என்பது பல பெண்களுக்கே தெரியாது. மனசும் உடம்பும் ஓய்ந்திருக்கும் நேரத்தில் நாலாம் நாளே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அப்பாக்களுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் கம்பெனியில் சட்டப்படி ஒன்றுமே இல்லை. குழந்தை பிறந்த மறுநாளே ஷிஃப்டுக்குப் போகிற இளைஞனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இது மாற வேண்டும்.

உடம்பு சரியில்லாத நாள்களுக்கு வருகிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா? உரிய காலத்துக்குச் சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழோடு வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காய்ச்சலோடு வேலைக்குப் போய், அதைப் பக்கத்து சீட்டுக்காரருக்கும் கொடுத்து, கடைசியில் ஆஸ்பத்திரி பில் கட்டுவதைவிட இது மேலில்லையா?

‘எல்லோரும் லீவு எடுத்தால் தொழில் எப்படி நடக்கும்?’ என்று முதலாளிகளாக இருக்கும் நம் வாசகர்கள் கேட்கலாம். சின்னக் கடை நடத்துவதன் கஷ்டம் எனக்கும் புரிகிறது. ஆனால் திடீர் திடீரென்று ஆள் வராமல் போவதைவிட, வருட ஆரம்பத்திலேயே யார் எப்போது போகலாம் என்று உட்கார்ந்து பேசிப் பட்டியல் போடுவது எளிதல்லவா? ஓய்வெடுத்து வந்தவர் நின்று உழைப்பார். மதிக்கப்பட்டவர் அடுத்த கடைக்குப் போகமாட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு நிமிடம் நம் சமையலறைப் பக்கமும் பார்ப்போம். பாத்திரம் தேய்க்க, வீடு பெருக்க வருகிற அம்மாவுக்கு நான் மேலே சொன்ன எந்தச் சட்டமும் லீவு தருவதில்லை. அவருக்குத் தர வேண்டியவர்கள் நாம்தான். அவருக்கும் காய்ச்சல் வரும், அவர் பேரனுக்கும் பள்ளி ஆண்டுவிழா வரும். வராத நாளுக்குச் சம்பளம் பிடித்துக்கொண்டே, நம் ஆபீஸில் லாஸ் ஆஃப் பே போட்டார்கள் என்று நாம் புலம்பலாமா?

இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். வேலை செய்யும் இடத்தில் உங்கள் கணக்கில் எத்தனை நாள் லீவு இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வீட்டுக்கு வேலைக்கு வருபவரிடம், வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு, எந்தக் கிழமை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்