ஆர்க்கிட் கேட்டு வரும் வியாபாரி: மலைக் கிராம விவசாயிகள் கவனத்துக்கு

ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் பகுதிகளில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் நிழல் மரக் கிளைகளில் தடித்த வெள்ளை வேர்களோடு ஒட்டி நிற்கும் செடிகளைப் பார்த்திருப்பீர்கள். புல்லுருவி என்று நினைத்து வெட்டிப் போடுபவர்கள் பலர். ஆனால், புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சிப் பிழைக்கிறது. இது மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் குடித்து வளர்கிறது. மரத்துக்கு இதனால் கெடுதல் இல்லை. இதுதான் ஆர்க்கிட்.

இப்போது இந்தச் செடிக்கு நகரங்களில் ஆர்வலர்கள் அதிகம். வீட்டு மாடியில் வளர்க்கிறார்கள், குழு சேர்த்து ஒருவருக்கொருவர் செடி மாற்றிக்கொள்கிறார்கள். அரிய வகைக்குக் கூடுதல் விலை கொடுக்கவும் தயங்குவதில்லை. அந்த ஆசையை நம்பித்தான் சில வியாபாரிகள் மலையேறி வருகிறார்கள். “காட்டில் இருப்பதை எடுத்துக் கொடுங்கள், செடிக்கு இவ்வளவு” என்று யாராவது உங்களிடம் கேட்டால், பதில் சொல்லும் முன் கீழே உள்ளவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. முன்பு 6-ஆம் அட்டவணையில் இருந்த பாதுகாக்கப்பட்ட தாவரங்கள் இப்போது 3-ஆம் அட்டவணையில் உள்ளன. செருப்பு வடிவில் பூக்கும் ஆர்க்கிட்டுகள், நீல வாண்டா, சிவப்பு வாண்டா ஆகியவை அதில் அடக்கம். இவற்றை வனத்திலிருந்து எடுப்பது மட்டுமல்ல, அனுமதியின்றி வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பட்டியலில் இல்லாத வகையாக இருந்தாலும், காப்புக்காட்டிலிருந்து எடுத்தால் வனச் சட்டம் இருக்கிறது. “என் பட்டா நிலத்து மரத்தில் இருந்ததுதானே” என்றாலும், செடி எங்கிருந்து வந்தது என்று காட்ட உங்களிடம் ரசீது இருக்காது. சோதனையில் மாட்டுபவர் செடியைக் கையில் வைத்திருப்பவர்தான். சந்தேகம் இருந்தால் வனச்சரகர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எடுத்தால் திரும்ப வருமா?

இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 1,256 வகை ஆர்க்கிட்டுகள் உள்ளன. அவற்றில் 388 இந்தியாவில் மட்டுமே வளர்பவை. அந்த 388-இல் சுமார் மூன்றில் ஒரு பங்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை.

அகத்தியமலையில் மட்டும் வளரும் செருப்பு ஆர்க்கிட் ஒன்று உண்டு. 1865-இல் ட்ரூரி என்ற ஆங்கில அதிகாரி கண்டறிந்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தென்னிந்தியாவில் இந்த இனத்தைச் சேர்ந்த ஒரே செடி இதுதான். ஆசைப்பட்டவர்களும் வியாபாரிகளும் அள்ளிக்கொண்டு போனதில், இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

ஒரு ஆர்க்கிட் காயில் லட்சக்கணக்கில் விதை இருக்கும். ஆனால், தூசி போன்ற அந்த விதைக்குள் முளைக்கத் தேவையான உணவு இல்லை. குறிப்பிட்ட பூஞ்சை கிடைத்தால்தான் முளைக்கும். முளைத்த செடி பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்த மரம், அந்தப் பூஞ்சை, அந்தக் குளிர்ச்சி எல்லாம் சேர்ந்த இடத்திலிருந்து பிடுங்கிய செடி, நகரத்து மாடியில் பெரும்பாலும் காய்ந்து போகும். வாங்கியவர் அடுத்த செடி கேட்பார். காட்டில் மறுபடியும் ஒன்று குறையும்.

அப்படியானால் வருமானம் இல்லையா?

உண்டு. ஆனால் அது நாற்றங்காலில் உருவாக்கிய செடியில்தான். தாய்லாந்து உலகச் சந்தைக்கு அனுப்பும் டென்ட்ரோபியம் பூக்கள் பண்ணையில் பெருக்கி வளர்த்தவை. பொறுப்புள்ள ஆர்வலர்களும் இப்போது திசு வளர்ப்புச் செடியா, காட்டுச் செடியா என்று கேட்டே வாங்குகிறார்கள். ரசீதோடு செடி தருபவருக்கு அவர்கள் நிரந்தர வாடிக்கையாளர்கள்.

அதே நேரம், அவசரப்பட வேண்டாம். வெனிலாவும் ஆர்க்கிட் குடும்பம்தான். 2000-இல் மடகாஸ்கரைப் புயல் தாக்கிய பிறகு விலை ஏறியது. கேரளா, கர்நாடகா, தமிழ்நாட்டு விவசாயிகள் பலர் கொடி நட்டார்கள். 2004-க்குப் பிறகு விலை சரிந்தது. காய் கைக்கு வந்தபோது வாங்க ஆளில்லை. விலையைப் பார்த்து நடாமல், வாங்குபவரைப் பார்த்து நட வேண்டும் என்பதே அது தந்த பாடம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

* வெப்பமான பகுதிக்கு டென்ட்ரோபியம் ஏற்றது. சுமார் 50 சதவீத நிழல்வலை போதும்.

* மண் வேண்டாம். கரித்துண்டு, ஓட்டுத்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு போட்ட துளைத் தொட்டியில் வளரும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

* காற்றில் ஈரம் குறையக் கூடாது. காலையில் தெளிப்பு நீர் கொடுங்கள். நத்தைகளைக் கவனித்து அகற்றுங்கள்.

* திசு வளர்ப்புக் கன்றுகளை ரசீதோடு வாங்கி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

* முதலில் 100 தொட்டியோடு நிறுத்துங்கள். சிறு கன்று பூக்க 2 ஆண்டு அல்லது அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை வேறு வருமானம் வேண்டும்.

* பூக்கடை, திருமண அலங்காரம் செய்பவர்கள், ஆர்வலர் குழு என மூன்று பக்கமும் விசாரித்த பிறகு விரிவுபடுத்துங்கள். இறக்குமதிப் பூவோடு போட்டி போட வேண்டியிருக்கும்.

* நிழல்வலைக் கூடத்துக்கு மானியம் உண்டா என்று வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநரிடம் கேளுங்கள். செடி வகைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. சாகுபடி ஆராய்ச்சிக்கென சிக்கிம் மாநிலம் பாக்யோங்கில் தேசிய மையம் இயங்குகிறது.

காப்பித் தோட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிழல் மரம் கவாத்து செய்யும்போது, ஆர்க்கிட் உள்ள கிளையை முடிந்தவரை விட்டுவிடுங்கள். கிளையோடு கீழே விழுந்த செடியைக் குப்பையில் போடாமல், பக்கத்து மரத்தில் சொரசொரப்பான பட்டையில் சணல் கயிற்றால் கட்டிவிடுங்கள். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் வேர் பிடித்துக்கொள்ளும். செலவு ஒரு முழக் கயிறுதான்.