தலைவர் யார் என்பது இரண்டாம் கேள்வி!



பால் நிறுத்து முடிந்து ஸ்டோர் வாசலில் நான்கு பேர் கூடினால், இன்றும் ஒரு வழக்கு எழாமல் இருப்பதில்லை. "2020இல் மகாதீரையே மறுபடி பிரதமராக்கியிருந்தால் நாடு பிழைத்திருக்கும்" என்பார் ஒருவர். "அன்வாருக்கு அன்றே வழிவிட்டிருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை" என்பார் இன்னொருவர். "நோய் அடங்குமுன் கதவைத் திறந்ததே தப்பு" என்பார் மூன்றாமவர். "அடைத்ததே தப்பு, அதனால்தான் அடுப்பு அணைந்தது" என்பார் நான்காமவர். தேநீர் ஆறிப் போகும், வழக்கு ஆறாது.

நால்வரும் நம்மவர்களே. நால்வர் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால், நால்வருமே கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்காமல் விடுகிறார்கள். அடைத்தபோது யார் காசு கரைந்தது? திறந்தபோது யார் உயிர் பணயமாயிற்று? இதைக் கேட்காமல் தலைவர் பெயரை மட்டும் உச்சரித்துக்கொண்டிருப்பது, மரத்தை வெட்டிவிட்டு மங்கு வைக்க மறந்தவன் கதையாக முடியும் என்று சொல்லவே இதனை எழுதுகிறோம்.

நடந்ததை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 2020 பிப்ரவரி 24ஆம் நாள் மகாதீர் பிரதமர் பதவியைத் துறந்தார். நம்பிக்கைக் கூட்டணி ஆட்சி கவிழ்ந்தது. மார்ச் 1ஆம் நாள் முகிதீன் யாசின் பிரதமராகப் பதவியேற்றார். மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆட்சி மாறி மூன்று வாரம் ஆகுமுன்னே நாடு அடைபட்டது. வாக்களித்துத் தேர்ந்த கூட்டணி எதிர்க்கட்சி வரிசைக்குப் போனதும், நாம் வீட்டுக்குள் போனதும் ஏறக்குறைய ஒரே மாதத்தில்!

பின்னர் திறப்பு வந்தது. எந்த நாளில் அறிவித்தார்கள் தெரியுமா? மே 1ஆம் நாள், நம்முடைய தொழிலாளர் தினத்தில்! நாளொன்றுக்கு 2.4 பில்லியன் வெள்ளி நட்டம், அதுவரை மொத்தம் 63 பில்லியன் நட்டம் என்று கணக்குக் காட்டி, மே 4 முதல் பெரும்பாலான தொழில்கள் நடக்கலாம் என்றார் பிரதமர். அறிவித்தது வெள்ளிக்கிழமை, திறப்பது திங்கட்கிழமை. நடுவில் இரண்டே நாள்! அந்த இரண்டு நாளில் முகக்கவசம் வாங்குவது யார்? வேனில் ஆளை நெருக்காமல் ஏற்றுவது எப்படி? பெரட்டில் எத்தனை முழம் விட்டு நிற்பது? கெடா, கிளந்தான், சபா முதலிய மாநிலங்கள் உடனே திறக்கத் தயங்கின. அவற்றில் இரு தரப்பார் ஆட்சியும் இருந்தன. ஆகவே, அவசரம் அவசரம்தான் என்பது கட்சி பேதமின்றி உணரப்பட்ட விஷயம்.

இப்படிப்பட்ட வேளையில் எதிர்க்கட்சியின் கடமை என்ன? "திற, அல்லது திறக்காதே" என்று மட்டும் சொல்லாமல், "இன்ன நிபந்தனையோடு திற" என்று தொழிலாளி சார்பில் பட்டியல் போட்டு நீட்டுவதல்லவா?

நடந்தது வேறு. மே 18ஆம் நாள் நாடாளுமன்றம் ஒரே ஒரு நாள் கூடியது. மாமன்னர் உரையோடு கலைந்தது, விவாதம் இல்லை. இது அரசாங்கம் செய்த குற்றம். இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவைக் கதவு அடைபட்டிருந்தால் அறிக்கைக் கதவுமா அடைபட்டிருந்தது? ஜூன் 10இல் மீட்புநிலை ஆணை வந்து சலூனும் சந்தையும் தெருவும் உயிர்பெற்ற அதே மாதத்தில், எதிர்க்கட்சி வீட்டில் நடந்த விவாதம் எது? பிரதமர் வேட்பாளர் அன்வாரா, மகாதீரா என்பது. மகாதீர் பிரதமர், அன்வார் துணைப் பிரதமர் என்ற ஏற்பாட்டை அன்வாரின் கட்சி ஏற்கவில்லை. ஜூன் 27ஆம் நாள் மகாதீர் சபாவின் ஷாபி அப்டால் பெயரைச் சொன்னார். ஆக, இல்லாத நாற்காலிக்கு மூன்று பெயர்!

தனித்தனியே தொழிலாளி பக்கம் பேசிய உறுப்பினர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு நம் நன்றி. ஆனால் கூட்டணி முழுவதும் ஒரே குரலில் எழுப்பிய தொழிலாளர் நிபந்தனை என்று ஒன்று நம் தோட்டத்து எல்லைக்குள் கேட்கவில்லை. நாற்காலிச் சண்டைதான் கேட்டது. அவர்களுக்குப் பலம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜூலை 13ஆம் நாள் சபாநாயகரை மாற்றும் வாக்கெடுப்பில் 111க்கு 109 என்று இரண்டே வாக்கில்தான் அரசாங்கம் வென்றது. நூற்று ஒன்பது வாய்கள், தோழர்களே!

அந்த மாதங்களில் நம் செக்ரோலில் நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஆளின் பெயரும் வேண்டாம். மே மாதக் கடைசியில் பால்வெட்டும் அம்மா ஒருவரின் மகன் பட்டணத்திலிருந்து வந்தான். அவனுக்கு நோய் கண்டது. அம்மாவுக்கு 14 நாள் தனிமைப்படுத்தல் உத்தரவு வந்தது. இரண்டு ஞாயிறு கழித்தால் 12 வேலை நாள். அந்தப் பன்னிரண்டு கட்டத்தில் என்ன எழுதுவது?

"வேலை இல்லை, சம்பளம் இல்லை, வெறுமனே விடு" என்றது நிர்வாகம். தனிமைப்படுத்தல் உத்தரவு பெற்றவருக்குச் சம்பளத்தோடு விடுப்புத் தர வேண்டும் என்று மனிதவள அமைச்சின் வழிகாட்டி இருக்கிறதே என்றோம். "வழிகாட்டி சட்டமாகுமா?" என்றார்கள். கிளைச் செயலாளர் இரண்டு முறை ஆபீசு படியேறிய பிறகு, மருத்துவ விடுப்பில் கழிக்க ஒப்புக்கொண்டார்கள். அந்த அம்மா முந்திய தோட்டம் கைமாறியதால் இங்கே வந்தவர். சேவை இரண்டு வருஷம் நிறையவில்லை. இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு. பிப்ரவரிக் காய்ச்சலில் 5 நாள் போயிற்று. மீதி 9. ஆகவே ஒன்பது கட்டத்துக்குச் சம்பளம். மூன்று கட்டம் வெறுமை.

அப்போது பட்டணத்துக்கு வெளியே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 வெள்ளி. நாளுக்கு 42 வெள்ளி 31 காசு. மூன்று நாளைக்கு 126 வெள்ளி 93 காசு. நாளுக்கு 2.4 பில்லியன் நட்டக் கணக்கில் இது தூசு. அந்த வீட்டில் அது அரிசி. அதோடு முடிந்ததா? ஜூன் முதல் டிசம்பர் வரை அவர் காய்ச்சலில் படுத்தால் ஒரு நாள்கூட விடுப்பு மிச்சமில்லை. நோய் பரவாமல் இருக்க நாட்டின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர் தம் ஓராண்டு விடுப்பை அபராதம்போல் கட்டினார்! இந்தக் கட்டத்தைப் பற்றி அந்த மூன்று தலைவர்களில் எவருக்கு என்ன கொள்கை என்று இன்றும் நமக்குத் தெரியாது.

"முதலில் ஆட்சியைப் பிடிக்கட்டும்; பிறகு நிபந்தனை எல்லாம் தானே வரும்; தலை சரியானால் உடல் சரியாகும்" என்கிறார்கள் சில நண்பர்கள். அவர்களுக்கு இரண்டு சங்கதிகளை நினைவூட்டுகிறோம்.

ஒன்று: 2021 செப்டம்பர் 13ஆம் நாள் எதிர்க்கட்சிக் கூட்டணி, பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் அரசாங்கத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. கோவிட் நடவடிக்கைகளை வலுப்படுத்துவது, நாடாளுமன்றச் சீர்திருத்தம் முதலியன அதில் இருந்தன. நாற்காலி கிடைக்கவில்லை, நிபந்தனை கையெழுத்தானது! அப்படியானால் நாற்காலி இல்லாமலும் நிபந்தனை பேசலாம் என்றாகிறது. 2021 செப்டம்பரில் முடிந்தது 2020 ஜூனில் ஏன் முடியவில்லை? இடையில் அவசரகாலம் வந்தது. நாடாளுமன்றம் பல மாதம் முடங்கியது. 2021 ஜூலையில் பட்டினி வீடுகளில் வெள்ளைக்கொடி பறந்தது. அந்தப் பதினைந்து மாதத்துக்கு யார் பதில் சொல்வது?

இரண்டு: குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியானது 2022 மே மாதம், இஸ்மாயில் சப்ரி காலத்தில். 1,700 ஆனது 2025 பிப்ரவரியில், அன்வார் காலத்தில். அன்வார் பிரதமரானது 2022 நவம்பர் 24இல்தான். நாற்காலியில் ஆள் மாறியபோதும் சம்பளம் ஏறியது என்றால், அதை ஏற்றியது ஒருவர் முகராசி அல்ல. பல்லாண்டாகத் தொழிற்சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருந்ததன் பலன். கேட்டது கிடைக்கத் தாமதமாகலாம். கேளாதது கிடைக்கவே கிடைக்காது.

அடைப்பா, திறப்பா என்று மல்லுக்கு நிற்பவர்களுக்கும் ஒரு சொல். அடைப்புக்கு யார் பணம் கட்டியது? சர்க்கார் உதவித்தொகை தந்தது, இல்லையென்று சொல்லோம். ஆனால் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்று பெயரிட்டு ஊழியர் சேமநிதியிலிருந்து தொழிலாளர் தாமே எடுத்துச் சாப்பிட்ட தொகை 100 பில்லியன் வெள்ளிக்கு மேல். நாளைய கஞ்சியை இன்று குடித்தோம்.

திறப்புக்கு யார் விலை கொடுத்தது? 2020 நவம்பரில் கிள்ளான் வட்டாரத்துக் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள். உலகத்தாரின் கையைக் காக்கும் உறை செய்தவர்களுக்குப் படுக்க இடம் போதவில்லை! தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் 1990 முதல் இருந்த 446ஆம் சட்டத்தின் வீட்டு வசதி விதிகள் மற்றத் தொழில்களுக்கும் நடப்புக்கு வந்தது 2020 ஜூன் 1இல்தான். விதி தாளில் வந்தது. விடுதியில் இடம் வரவில்லை. அடைத்தாலும் நாம், திறந்தாலும் நாம் என்றால், சண்டை அடைப்பைப் பற்றியதா, நிபந்தனையைப் பற்றியதா? சிந்தியுங்கள்!

தலைவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் நல்லவராகிவிட முடியாது. அந்த மூன்று கட்டத்தை வெறுமையாக விட்டது எந்தத் தலைவர் கையும் அல்ல, கிராணியின் பேனா. நம் பேனா! "மேலிடத்து உத்தரவு" என்று சொல்லித் தலை கவிழ்ந்தோம். பக்கத்து லயத்தில் இந்தோனேசியத் தோழரும் வங்காள தேசத் தோழரும் தனிமையில் இருந்தபோது அவர்கள் கட்டத்தில் என்ன விழுந்தது என்று எத்தனை கிளைகள் விசாரித்தன? நாமும் பல இரவு, தொழிலாளி கணக்கைப் பார்க்காமல், எந்தக் கட்சிக்கு எத்தனை உறுப்பினர் என்ற கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

ஆகவே நாம் கேட்பது இவை:

முதலாவது, தனிமைப்படுத்தல் நாட்கள் சம்பளத்தோடு கூடிய தனி விடுப்பாகக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். மருத்துவ விடுப்பில் கை வைக்கக்கூடாது. உள்ளூர்த் தொழிலாளி, வெளிநாட்டுத் தொழிலாளி என்ற பேதமும் கூடாது.

இரண்டாவது, முகக்கவசம், சோப்பு, பரிசோதனைச் செலவு யாவும் நிர்வாகத்தின் பொறுப்பு. ஒரு காசும் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது.

மூன்றாவது, அடைப்பதையும் திறப்பதையும் முடிவு செய்யும் மேசையில் தொழிற்சங்கத்துக்கு ஓர் இருக்கை வேண்டும். முதலாளிமார் நட்டக் கணக்கோடு வரட்டும். நாம் செக்ரோலோடு வருகிறோம்.

நான்காவது, எந்தக் கட்சித் தலைவர் தோட்டத்துக்கு வந்து மாலை கேட்டாலும், மாலைக்கு முன் இந்த மூன்றையும் அவர் முன் வைக்க வேண்டும். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் வைக்க வேண்டும். அன்று எதிரே இருந்தவர் பின்னர் ஆள வந்தார். அன்று ஆண்டவர் எதிரே போனார். வரிசை மாறும். கட்டம் மாறாமல் கிடக்கிறது.

தலைவர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தலைவர் இல்லாமல் கூட்டணி இல்லை. எதிர்க்கட்சி இல்லாமல் ஜனநாயகம் இல்லை. ஆனால் யார் தலைவர் என்பது இரண்டாம் கேள்வி. எதற்குத் தலைவர் என்பதே முதற் கேள்வி. முதற் கேள்விக்கு விடை சொல்பவர் யாரோ, அவர் பெயரைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அடுத்த நோய் வரும் நாளை எவரும் முன்கூட்டி அறிவிக்கப் போவதில்லை. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சு வரும் நாளோ நம் கையில் இருக்கிறது. கிளைக் கூட்டத்தைக் கூட்டுங்கள். தீர்மானத்தை எழுதுங்கள். கிராணி நண்பர்களே, 2020ஆம் ஆண்டுச் செக்ரோலைத் தேடி எடுத்து, வெற்றுக் கட்டங்களை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையோடு பேச்சுக்குப் போவோம்!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!