பிள்ளை பிடிப்பவன் எங்கே?

2018ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் பெங்களூர் சாமராஜபேட்டைப் பகுதியில், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞனைக் கூட்டம் கூடி அடித்தே கொன்றது. அவன் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்தது. அன்று சுற்றிய படங்களில் ஒன்று, குழந்தைகளைப் பாதுகாக்கச் சொல்லிக் கராச்சியில் எடுக்கப்பட்ட நடிப்புப் படம். அதன் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு உண்மை போலப் பரப்பினார்கள். வெளியூர்க்காரன்மேல் சந்தேகம் எவ்வளவு எளிதில் விழும் என்பதை 1991 டிசம்பரைக் கண்ட நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்கு ஆபத்து இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் வருவதில்லை. நாம் தவணை கட்டி வாங்கிய போன் வழியாக வீட்டுக்குள்ளேயே வருகிறது.

இந்தப் போன் பிள்ளை கைக்கு எப்படி வந்தது? கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020 ஜூனில், 5ஆம் வகுப்பு வரை ஆன்லைன் வகுப்பு கூடாது என்றது கர்நாடக அரசு. கல்வி உரிமையைக் காட்டி ஜூலை 8 அன்று உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்க 2021 அக்டோபர் ஆயிற்று. பள்ளி திறந்தது, போன் மட்டும் பிள்ளை கையை விட்டு இறங்கவில்லை.

இதற்குத் தாய்மார்களைக் குறை சொல்வோர் உண்டு. கட்டட வேலைக்குப் போன தகப்பனும், கார்மெண்ட்ஸுக்கோ வீட்டு வேலைக்கோ போன தாயும் இருட்டிய பிறகே திரும்புகிறார்கள். பள்ளி விட்டு வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒற்றை அறை வீடு. வெளியே விளையாட இடமில்லை. அந்த நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆயா போன்தான். வேறு ஏற்பாடு செய்து தராதவர்களுக்கு அந்தத் தாயைக் குறை சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆபத்து வரும் விதத்தைத் தெரிந்துகொள்வோம். விளையாட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் வசதி உண்டு. அங்கே ஒருவன், “எனக்கும் ஒன்பது வயதுதான்” என்று பழகுவான். பிறகு படம் கேட்பான். “அம்மாவிடம் சொல்லாதே” என்பான். படம் கைக்கு வந்ததும் மிரட்டுவான். அவனுடைய பலம் எதில் இருக்கிறது? வீட்டில் தெரிந்தால் அடி விழுமே என்று பிள்ளை நடுங்குவதில்தான். ஆகவே நாம் முதலில் எடுத்தெறிய வேண்டியது பிரம்பை. “எது நடந்தாலும் என்னிடம் சொல், அடிக்க மாட்டேன்” என்று இன்றே பிள்ளையிடம் சொல்லுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை கடினமல்ல. பெரியவர் கண் படும் இடத்தில் போனைப் பார்க்கட்டும். இரவில் போன் பெரியவர் தலைமாட்டில் இருக்கட்டும். பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் 13 வயதுக்குள் கணக்கு கூடாது என்பது அந்தக் கம்பெனிகளே வைத்த விதி. பிறந்த ஆண்டைப் பொய்யாகப் போட்டுத் தராதீர்கள். பணம் அனுப்பும் ரகசிய எண் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். ஆண்களுக்கும் ஒரு சொல்: நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஆபாசப் படம், நாளைக் காலை உங்கள் மகள் கையில் இருக்கும் அதே போனில்தான் இருக்கிறது.

மீறி ஏதாவது நடந்துவிட்டால் மூடி மறைக்காதீர்கள். மிரட்டல் செய்தியை யாருக்கும் அனுப்பாமல், புகார் கொடுக்கும் வரை அழிக்காமல் வையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098; அவசரத்துக்கு 112; பண மோசடிக்கு 1930. தவறான எண்ணத்தோடு போனில் குழந்தையைத் தொடர்வதே 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு.

ஸ்டேஷன் படி ஏற வேண்டுமே, கன்னடம் தெரியாதே, மானம் போகுமே என்று அஞ்சுவோர் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. தேவையானால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள 26ஆம் பிரிவு இடம் தருகிறது. குழந்தையின் பெயரையும் படத்தையும் பத்திரிகைகள் வெளியிடுவதை 23ஆம் பிரிவு தடுக்கிறது. இவை யாரும் நமக்கு இடும் பிச்சையல்ல, சட்டம் தந்திருப்பவை. கேட்டு வாங்குவோம்.

ஆனால் சட்டம் மட்டும் போதாது. 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைப் பெறப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023இல் ஒரு சட்டம் வந்தது; அதன் விதிகள் வெளிவர 2025 நவம்பர் ஆயிற்று. சம்மதம் கேட்கும் பக்கம் ஆங்கிலத்தில் வந்தால், கைநாட்டு வைக்கும் தாய்க்கு அதைப் படித்துச் சொல்வது யார்? அதே பிள்ளைதான்! பூட்டையும் சாவியையும் ஒரே கையில் கொடுப்பதற்கா சட்டம்?

ஆகவே நாம் கேட்கிறோம். பள்ளிகள் இந்த எச்சரிக்கைகளைத் தமிழிலும் கன்னடத்திலும் பெற்றோருக்குத் தர வேண்டும். 2025 முதல் இந்நகரை ஆளும் ஐந்து மாநகராட்சிகளும் உழைப்பாளர் குடியிருப்புகளில் மாலை நேரப் படிப்பகமும் விளையாட்டு இடமும் அமைக்க வேண்டும். அதுவரை நாம் கைகட்டி நிற்கலாகாது. ஒவ்வொரு கிளையும் தன் மன்றக் கதவை மாலை நான்கு மணிக்குத் திறக்கட்டும். படித்த இளைஞர்கள் முறை வைத்து வந்து அமரட்டும். கன்னடம் பேசும் அண்டை வீட்டுப் பிள்ளையும் வரட்டும். ஆபத்து மொழி பார்த்து வருவதில்லை.

பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்குவது எளிது. அந்தக் கையில் ஒரு பந்தையும் ஒரு புத்தகத்தையும் கொடுப்பதுதான் நம் வேலை.