ஏழை வீட்டுப் பிள்ளை அமைச்சரானால் போதுமா?



தேர்தல் வந்துவிட்டால் கல்முனையிலிருந்து திருக்கோவில், பொத்துவில் வரை எல்லா மேடையிலும் ஒரே பேச்சுத்தான். "நானும் ஏழை வீட்டுப் பிள்ளை. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்" என்பார் ஒருவர். நாங்களும் கைதட்டுவோம். மலையகத்தில் இதையே "நானும் லயத்தில் பிறந்தவன்" என்று சொல்வார்கள்.

எங்கள் ஆட்கள் மேலே போவது எங்களுக்கும் சந்தோஷம்தான். 2024 நவம்பரில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றம் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அங்கே தெரிவானது அதுவே முதல் தடவை. சுந்தரலிங்கம் பிரதீப் பெருந்தோட்டத்துக்குப் பொறுப்பான பிரதி அமைச்சரானார். ஆனால் பெருமையை வைத்து அரைப் பேரை முழுப் பேராக்க முடியாது.

பெரிய உதாரணத்தையே எடுப்போம். சௌமியமூர்த்தி தொண்டமானின் தகப்பனார் கருப்பையா தமிழ்நாட்டிலிருந்து கூலியாக வந்து, இறம்பொடை வெவண்டன் தோட்டத்துக்கே சொந்தக்காரர் ஆனவர். மகன் 1947இல் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் போனார். மறு வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவருக்கு வாக்குப் போட்ட தொழிலாளர் நாடற்றவர் ஆனார்கள். 1978இல் அவர் அமைச்சரானார். கூலியாக வந்தவரின் பிள்ளை அமைச்சரவையில்! இதைவிட உயர்வு என்ன வேண்டும்?

அந்த நாற்காலி எங்களுக்கு என்ன செய்தது என்று பாருங்கள். 1983 ஜூலையில் அவர் அமைச்சர்தான். ஆனாலும் லயங்கள் எரிந்தன. சனம் வடக்குக் கிழக்குக்கும் இந்தியாவுக்கும் ஓடியது. பெண்கள் காலை முதல் மாலை வரை கொழுந்தெடுத்தும் ஆண்களைவிடக் குறைந்த சம்பளமே வாங்கினார்கள். அவர் அமைச்சராகி ஆறு வருஷமாகப் போகும்போதும் அதே நிலைதான். 1984 ஏப்ரலில் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அமைச்சரின் சங்கமும் இறங்கியது. அதற்குப் பிறகுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது. 1986 தைப்பொங்கலன்று பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. அதே வருஷம் நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. மிச்சம் இருந்தவர்களுக்கு 2003இல்தான் கிடைத்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

அவர் பங்கை நாங்கள் மறுக்கவில்லை. அமைச்சரவையில் இருந்துகொண்டு தன் அரசாங்கத்தின் தோட்டங்களிலேயே வேலையை நிறுத்துவது லேசான காரியமில்லை. ஆனால் அரசாங்கத்தைப் பணிய வைத்தது அமைச்சர் நாற்காலியா, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பெண்களா?

போராட்டம் ஓய்ந்து நாற்காலியை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 1,000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2015இல் எழுந்தது. அந்த வருஷங்களில் மலையகத் தலைவர்கள் ஆளுக்கொரு அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தார்கள். 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். ஆறு வருஷம்!

"அப்படியென்றால் ஏழைப் பிள்ளை மேலே போக வேண்டாமா?" என்று கேட்பீர்கள். போகட்டும். ஆனால் ஏணியைப் பிடித்து நிற்பது நாங்கள். ஏறினவர் எங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பிறந்த வீட்டைச் சொல்லி அந்தக் கணக்கை மூட விடக்கூடாது.

எங்கள் கரையில் தேயிலை இல்லை. தென்னந்தோட்டத்துக்கும் கரும்புக்கும் நாட்கூலியாகப் போகிறோம். முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போட வேண்டும் என்பது சட்டம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் போட வேண்டும். நாட்கூலிக்காரருக்கும் இது உண்டு. பின்னேரம் கையில் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டால் முதுமையில் எங்களுக்கு என்ன மிஞ்சும்?

அடுத்த கூட்டத்தில் ஏழை வீட்டுக் கதை தொடங்கும்போது எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் பேர் சேமலாப நிதியில் எப்போது பதியப்படும்? குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்காத முதலாளி மேல் என்ன நடவடிக்கை? நாங்கள் வேலையை நிறுத்தினால் நீங்கள் யார் பக்கம்?

பதில் வந்த பிறகு கைதட்டலாம்.